உலகச் செய்தி நம் பணத்தை எப்படி அசைக்கிறது: கொழும்பில் இருந்து சந்தையைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2025 ஏப்ரல் 7, திங்கட்கிழமை. கொழும்பு பங்குச் சந்தையில் இருபது பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அன்ட் பி ஸ்ரீலங்கா 20 சுட்டெண் 5 வீதத்துக்கு மேல் விழுந்ததால் வர்த்தகம் அரை மணி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டது. அன்று நாட்டில் ஆட்சி மாறவில்லை, வங்கி எதுவும் முறியவில்லை. ஐந்து நாட்களுக்கு முன் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் காட்டப்பட்ட ஓர் இறக்குமதித் தீர்வைப் பட்டியல்தான் காரணம். அந்தப் பட்டியலில் இலங்கைக்கு நேரே 44 வீதம் என்று எழுதியிருந்தது.

இப்படியான நாட்களில் சந்தையில் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, அது நம் கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதைப் படிப்படியாகச் சொல்வதுதான் இந்த வழிகாட்டி. பங்கு வாங்கி விற்பவர்களுக்காக மட்டும் எழுதவில்லை. புறக்கோட்டையில் இறக்குமதி வியாபாரம் செய்பவர், வங்கியில் நிலையான வைப்பு வைத்திருப்பவர், மகளின் கல்யாணத்துக்கு நகை சேர்ப்பவர், கட்டாரில் இருந்து வரும் பணத்தில் வீடு நடத்துபவர் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் உலகச் சந்தைக்குள்தான் இருக்கிறார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியை அனுபவித்த நமக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அனுபவித்ததற்கும் அதன் ஓட்டத்தைப் புரிந்துகொள்வதற்கும் இடைவெளி இருக்கிறது. அதைக் குறைக்கத்தான் இந்த முயற்சி.

படி 1: செய்திக்கு முன் எதிர்பார்ப்பைத் தேடுங்கள்

முழு வழிகாட்டியிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் படியை வையுங்கள். செய்தி நல்லதா கெட்டதா என்று சந்தை பார்ப்பதில்லை. எதிர்பார்த்ததைவிட நல்லதா கெட்டதா என்றுதான் பார்க்கும். சாதாரண தரப் பரீட்சையில் 9 ஏ வரும் என்று காத்திருந்த வீட்டில் 7 ஏ வந்தால் முகங்கள் வாடிவிடும். கணிதத்தில் தவறிவிடுவான் என்று பயந்த அடுத்த வீட்டில் சி வந்தாலே இனிப்பு வாங்கிக் கொடுப்பார்கள்.

2022 செப்டெம்பர் 13ஐ எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஓகஸ்ட் மாதப் பணவீக்கம் அன்று வெளியானது. முந்தைய மாதம் 8.5 வீதமாக இருந்தது 8.3 ஆகக் குறைந்திருந்தது. பணவீக்கம் குறைந்தால் நல்ல செய்திதானே? ஆனால் அன்று அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அன்ட் பி 500 சுட்டெண் 4.3 வீதம் விழுந்தது. 2020 ஜூனுக்குப் பிறகு அதுவரை ஒரே நாளில் அவ்வளவு விழுந்திருக்கவில்லை. ஆய்வாளர்கள் 8.1ஐ எதிர்பார்த்திருந்தார்கள், அவ்வளவுதான் விஷயம். 0.2 வீத ஏமாற்றத்தில், ‘வட்டியை இன்னும் வேகமாக உயர்த்தப் போகிறார்கள்’ என்று சந்தை முடிவு கட்டிவிட்டது.

இதற்கு எதிர்மாறானதும் நடக்கும். அதே ஆண்டு மார்ச் 16 அன்று அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் 2018க்குப் பிறகு முதல் தடவையாக வட்டியை உயர்த்தியது. வட்டி உயர்வு பங்குகளுக்குக் கெட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அன்று பங்குச் சந்தை 2 வீதத்துக்கு மேல் ஏறி முடிந்தது. கால் வீத உயர்வை வாரக்கணக்காக எல்லோரும் எதிர்பார்த்து, விலையில் சேர்த்தும் விட்டார்கள். அறிவிப்பு வந்தபோது புதிதாகப் பயப்பட எதுவும் மிஞ்சவில்லை.

தேர்தல்களுக்கும் இதே கணக்குத்தான். 2024 ஜூன் தொடக்கத்தில் இந்தியத் தேர்தலின் வாக்குச்சாவடிக் கணிப்புகள் மோடியின் கூட்டணிக்கு 350க்கு மேல் ஆசனம் என்றன. ஜூன் 3 அன்று மும்பைச் சந்தை 3 வீதத்துக்கு மேல் ஏறியது. மறுநாள் முடிவு வந்தது: கூட்டணிக்கு 293, பாஜகவுக்குத் தனியாக 240. அவர்கள் ஆட்சியைப் பிடித்தார்கள், சந்தையோ ஏறத்தாழ 6 வீதம் சரிந்தது. வென்றது யார் என்று மட்டும் பார்த்தவருக்கு அந்தச் சரிவு புரிந்திருக்காது.

ஆகவே முக்கியமான ஒரு தரவோ அறிவிப்போ வரும் நாளில், வருமுன்பே மூன்று எண்களைக் குறித்து வையுங்கள்: முந்தைய எண், ஆய்வாளர்கள் எதிர்பார்க்கும் எண், பிறகு வந்த எண். பொருளாதார நாட்காட்டி வெளியிடும் எந்த இணையத்தளத்திலும் இந்த மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், இலவசமாகவே. தேர்தலென்றால் கருத்துக்கணிப்பைப் பாருங்கள். போரென்றால் கடந்த இரண்டு வாரத்தில் எண்ணெய் விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பயத்தில் எவ்வளவு பங்கு ஏற்கெனவே விலைக்குள் போய்விட்டது என்பதை அது சொல்லும்.

படி 2: எந்த வழியாக வருகிறது என்று கேளுங்கள்

செய்திகள் ஆயிரம் இருக்கலாம். அவை சந்தைக்குள் நுழையும் வழிகள் நாலைந்துதான். ஒரு செய்தியைக் கேட்டதும் அது எந்த வழியில் வருகிறது என்று சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது வட்டி. உலகத்தில் எல்லாப் பணத்துக்கும் அடிப்படை விலை அமெரிக்க வட்டிதான். 2022 மார்ச்சில் கிட்டத்தட்ட பூச்சியமாக இருந்த பெடரல் ரிசர்வ் வட்டி, 11 உயர்வுகளில் 2023 ஜூலையில் 5.25 முதல் 5.50 வீதத்துக்குப் போனது. ஆபத்தே இல்லாமல் அமெரிக்காவில் 5 வீதம் கிடைக்கும்போது, கொழும்பிலோ நைரோபியிலோ பணத்தைப் போட்டு ஒருவர் ஏன் நித்திரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? பணம் திரும்பிப் போகும். அதோடு எந்த நிறுவனத்தின் எதிர்கால இலாபத்தையும் இன்றைய விலைக்குக் கணக்கிடும்போது, வட்டி கூடக்கூட அந்த இலாபத்தின் இன்றைய பெறுமதி குறையும். இன்று இலாபம் இல்லாமல் நாளைய இலாபத்தை நம்பி விலை ஏறிய நிறுவனங்கள், முக்கியமாகத் தொழில்நுட்ப நிறுவனங்கள், வட்டி உயர்வில் முதலில் அடிபடுவது இதனால்தான்.

இரண்டாவது டொலர். இதை வட்டியின் தம்பி என்று தள்ளிவிடக் கூடாது. நம்மைப் போன்ற நாடுகளுக்கு இதுதான் பெரிய வழி. அமெரிக்க வட்டி ஏறினாலும் டொலர் பலமாகும், உலகம் பயந்தாலும் டொலர் பலமாகும். 2013 மே 22 அன்று பெடரல் ரிசர்வ் தலைவர் பென் பெர்னான்கி, வட்டியைக் குறைவாக வைக்க மத்திய வங்கி கடன்பத்திரம் (அரசாங்கம் கடன் வாங்க விற்கும் பத்திரம்) வாங்கும் வேகத்தைக் குறைக்கக்கூடும் என்றுதான் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. அந்த ஒரு பேச்சுக்குப் பிறகு, அப்போது டொலருக்கு 55 அளவில் இருந்த இந்திய ரூபாய் ஓகஸ்ட் கடைசியில் 68ஐத் தாண்டிப் போனது. டொலரில் கடன் வாங்கிய நாட்டுக்கும் நிறுவனத்துக்கும் இது இரட்டை அடி: வட்டியும் கூடுகிறது, கடனைக் கட்டத் தேவையான உள்நாட்டுப் பணமும் கூடுகிறது.

மூன்றாவது மசகு எண்ணெய். 2022 பெப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது, உலக விலைக்கு அளவுகோலாக இருக்கும் பிரென்ட் எண்ணெய் பீப்பாய்க்கு 100 டொலரைத் தாண்டியது. மார்ச் இரண்டாம் வாரத் தொடக்கத்தில் 139 வரை தொட்டுவிட்டு வந்தது. நாம் எரிபொருள் முழுவதையும் வெளியில் இருந்து வாங்குகிறோம். எண்ணெய் ஏறினால் டொலர் கூடுதலாகத் தேவைப்படும், ரூபாய் இறங்கும், அப்புறம் இறங்கிய ரூபாயில் அதே எண்ணெயை இன்னும் கூடிய விலைக்கு வாங்க வேண்டும். மாத முடிவில் வரும் எரிபொருள் விலைத் திருத்தத்தில் இந்த இரண்டும் சேர்ந்தே தெரியும். இதில் பலர் கவனிக்காத மறுபக்கம் ஒன்று இருக்கிறது. நம் தேயிலையை வாங்குகிறவர்களில் பெரும்பங்கு ஈராக், ஐக்கிய அரபு அமீரகம், ரஷ்யா போன்ற எண்ணெய் நாடுகள். எண்ணெய் வருமானம் கூடும் காலத்தில் அவர்களிடம் தேயிலை வாங்கப் பணம் இருக்கும். கொழும்புத் தேயிலை ஏல விலையையும், அதைத் தொடர்ந்து மலையகத் தோட்டங்களின் நிலையையும் பார்ப்பவர்கள் எண்ணெய் விலையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நாலாவது வர்த்தகம்: தீர்வை, தடை, கப்பல் பாதை. இதைக் கீழே ஒரு நிகழ்வை வைத்துப் பார்க்கலாம்.

ஐந்தாவது நம்பிக்கை. எண்ணால் அளக்க முடியாதது, ஆனால் எல்லாவற்றையும் விட வேகமானது. ஓர் அரசாங்கம் கடனைத் திருப்பித் தருமா, நாளை சட்டத்தை மாற்றுமா, மத்திய வங்கியைச் சுதந்திரமாக விடுமா என்ற கேள்விகள் இதில் அடங்கும். 2022 செப்டெம்பர் 23 அன்று பிரிட்டனின் லிஸ் டிரஸ் அரசாங்கம், எங்கிருந்து பணம் வரும் என்று சொல்லாமலே பெரிய வரிக்குறைப்பை அறிவித்தது. மூன்று நாளில் பவுண் டொலருக்கு எதிராக வரலாறு காணாத கீழ்மட்டத்துக்குப் போனது. 28ஆம் திகதி இங்கிலாந்து வங்கி தலையிட்டு அரசாங்கக் கடன்பத்திரங்களை வாங்க வேண்டி வந்தது. பணக்கார நாடு, பழைய ஜனநாயகம் என்றெல்லாம் சந்தை தயவு காட்டவில்லை.

படி 3: பங்குக்கு முன் கடன்பத்திரத்தைப் பாருங்கள்

தொலைக்காட்சியில் சிவப்பும் பச்சையுமாக ஓடுவது பங்கு விலைகள். ஆனால் நிகழ்வின் உண்மையான கனத்தைப் பெரும்பாலும் முதலில் சொல்வது கடன்பத்திரச் சந்தைதான் என்பது என் உறுதியான எண்ணம். பங்குச் சந்தையில் ஆசை கூட, கடன்பத்திரச் சந்தையில் கணக்குக் கூட.

அடிப்படை எளிது. அரசாங்கக் கடன்பத்திரத்தை எல்லோரும் விற்றால் அதன் விலை இறங்கும். விலை இறங்கினால், வாங்குபவருக்குக் கிடைக்கும் வருமானம், அதாவது விளைவு வீதம், ஏறும். உலகம் பயப்படும் நாட்களில் வழக்கமாகப் பங்கு இறங்கும், அமெரிக்கக் கடன்பத்திரத்தை வாங்கக் கூட்டம் சேரும், அதன் விளைவு வீதம் இறங்கும், தங்கமும் டொலரும் ஏறும். இதுதான் வழமை.

2011 ஓகஸ்ட் 5 அன்று எஸ் அன்ட் பி தரப்படுத்தல் நிறுவனம் அமெரிக்காவின் கடன் தரத்தையே குறைத்தது. அடுத்த வர்த்தக நாளில் பங்குச் சந்தை 6 வீதத்துக்கு மேல் விழுந்தது. பயந்த பணம் எங்கே ஓடியது தெரியுமா? எந்தக் கடனின் தரம் குறைக்கப்பட்டதோ அதே அமெரிக்கக் கடன்பத்திரத்துக்குத்தான். வேறு எங்கும் அவ்வளவு பெரிய தொகையை ஒதுக்கி வைக்க இடமில்லை.

வழமை உடையும் நாளைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். பங்கும் கடன்பத்திரமும் டொலரும் ஒரே நேரத்தில் விழுந்தால், ஏதோ ஒரு நிறுவனத்தையோ துறையையோ பற்றிய பயம் அது இல்லை. அந்த நாட்டைப் பற்றிய பயம்.

நம் நாட்டுக்குள் இதே வேலையைச் செய்வது திறைசேரி உண்டியல், அதாவது அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்கு விற்கும் பத்திரத்தின் ஏலம். ஒவ்வொரு வாரமும் 91, 182, 364 நாள் உண்டியல்கள் ஏலம் போகின்றன. 2022 கடைசியில் இந்த விளைவு வீதங்கள் 30 வீதத்தைத் தொட்டு நின்றன. வங்கிகள் நிலையான வைப்புக்குத் தரும் வட்டி இந்த ஏலத்தைத்தான் சில வாரம் பின்னால் தொடரும்.

படி 4: ஒரு நிகழ்வைப் பிரித்துப் பார்ப்போம்

2025 ஏப்ரல் 2. வொஷிங்டனில் மாலை நாலு மணி, நமக்கு 3ஆம் திகதி அதிகாலை 1.30. ஜனாதிபதி ட்ரம்ப் நாடு வாரியாகத் தீர்வைப் பட்டியலைக் காட்டுகிறார்.

தீர்வை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். இவ்வளவு பெரிதாக, இத்தனை நாடுகளுக்கு, இப்படியொரு சூத்திரத்தில் வரும் என்று சந்தை நினைக்கவில்லை. இலங்கைக்கு 44 எப்படி வந்தது என்று பார்த்தால் திகைப்பாக இருக்கும். 2024இல் அமெரிக்கா நம்மிடம் வாங்கியது ஏறத்தாழ 300 கோடி டொலருக்கு. நாம் அவர்களிடம் வாங்கியது ஏறத்தாழ 37 கோடி டொலருக்கு. வித்தியாசம் 263 கோடி. அதை 300ஆல் வகுத்தால் 88 வீதத்துக்குக் கிட்ட வரும். அதில் பாதி 44. நாம் அமெரிக்கப் பொருட்களுக்கு உண்மையில் என்ன வரி விதிக்கிறோம் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. அமெரிக்காவுக்குப் போகும் நம் பொருட்களில் பெரும்பங்கு ஆடை. கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் பெண்களின் வேலை, பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்கொன்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 3 அன்று எஸ் அன்ட் பி 500 ஏறத்தாழ 5 வீதம் விழுந்தது, 4ஆம் திகதி இன்னும் 6 வீதம். வார இறுதி கழிந்து திங்கட்கிழமை ஆசியச் சந்தைகள் விழுந்தன. கொழும்பில் வர்த்தகம் நின்றதும் அன்றுதான். இதுவரை எல்லாம் வழமையான ஓட்டம்.

அதன் பிறகுதான் விசித்திரம். பத்தாண்டு அமெரிக்கக் கடன்பத்திரத்தின் விளைவு வீதம் 4 வீதத்துக்குக் கீழே இருந்து சில நாளில் 4.5 வரை ஏறியது. டொலரும் இறங்கியது. முந்தைய படியில் சொன்ன அந்த வழமை உடைந்துவிட்டது. ஏப்ரல் 9 அன்று, நமக்கு இரவு 11 மணிக்குச் சற்று முன், சீனா தவிர்ந்த பெரும்பாலான நாடுகளுக்கு உயர் தீர்வையை 90 நாள் நிறுத்திவைத்து 10 வீதம் மட்டும் அறவிடுவதாக ட்ரம்ப் அறிவித்தார். கடன்பத்திரச் சந்தையைக் கவனித்துக்கொண்டிருந்ததாக அவரே பிறகு செய்தியாளர்களிடம் சொன்னார். அன்று எஸ் அன்ட் பி 500 9.5 வீதம் ஏறியது, 2008க்குப் பிறகு அப்படியொரு நாள் வந்ததில்லை. மறுநாள் கொழும்பும் ஏறியது. நமக்கான தீர்வை ஜூலையில் 30 ஆகவும், மாத முடிவில் 20 ஆகவும் குறைக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, அரசியல் சந்தையை அசைத்தது மட்டும் அல்ல. சந்தை திரும்பி அரசியலை அசைத்தது. ஓர் அரசாங்கம் எந்தச் சந்தைக்குப் பயப்படுகிறது என்று தெரிந்தால், அதன் முடிவு எங்கே வளையும் என்று ஓரளவுக்கு ஊகிக்கலாம்.

படி 5: முதல் அசைவில் முடிவெடுக்காதீர்கள்

2016 நவம்பரில் ட்ரம்ப் முதல் தடவை வெல்கிறார் என்று தெரிந்த இரவில் அமெரிக்கச் சுட்டெண்களின் முன்பேர விலைகள், அதாவது சந்தை திறக்குமுன்பே பேசப்படும் விலைகள், 5 வீதம் வரை விழுந்தன. மறுநாள் சந்தை மூடும்போது ஒரு வீதம் ஏறியிருந்தது. அந்த இரவில் பயந்து விற்றவர் இரண்டு பக்கமும் இழந்தார்.

2024 ஓகஸ்ட் 5 இன்னொரு பாடம். ஜூலை 31 அன்று ஜப்பான் வங்கி வட்டியை 0.25 வீதமாக உயர்த்தியது. ஓகஸ்ட் 2 அன்று அமெரிக்க வேலைவாய்ப்புத் தரவு பலவீனமாக வந்தது. இரண்டுமே தனித்தனியாகப் பார்த்தால் சிறிய செய்திகள். ஆனால் பல ஆண்டுகளாக யென்னில் மலிவாகக் கடன் வாங்கி, உலகமெங்கும் பங்கும் கடன்பத்திரமும் வாங்கி வைத்திருந்தவர்கள் ஏராளம். யென் ஏறத் தொடங்கியதும் கடனை அடைக்க எல்லோரும் ஒரே வாசலால் வெளியேற முண்டியடித்தார்கள். டோக்கியோவின் நிக்கேய் சுட்டெண் ஒரே நாளில் 12.4 வீதம் விழுந்தது. மறுநாளே 10 வீதம் மீண்டது. ஜப்பானியப் பொருளாதாரம் ஒரு நாளில் அவ்வளவு கெட்டு மறுநாள் அவ்வளவு நல்லாகவில்லை. கடன் வாங்கி முதலிட்டவர்கள் அவசரத்தில் விற்றார்கள், அவ்வளவுதான்.

போர்ச் செய்தியிலும் இப்படித்தான். 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியதும் பிரென்ட் எண்ணெய் ஒரே நாளில் 7 வீதம் ஏறியது. ஹோர்முஸ் நீரிணை மூடப்படுமோ என்ற பயம்; உலக எண்ணெயில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அப்போது அதன் வழியேதான் போனது. அந்தத் தடவை நீரிணை மூடப்படவில்லை. 24ஆம் திகதி போர்நிறுத்தம் வந்தபோது விலை 70 டொலருக்குக் கீழே திரும்பியிருந்தது. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஒரு பீப்பாய் எண்ணெயாவது உண்மையில் வராமல் நின்றதா? 1973இல் அரபு நாடுகள் உண்மையிலேயே விநியோகத்தை வெட்டியபோது சில மாதத்தில் விலை நாலு மடங்கானது, திரும்பிப் பழைய இடத்துக்கு வரவும் இல்லை.

படி 6: உள்ளூர் அரசியலையும் அதே கண்ணால் பாருங்கள்

நம் நாட்டு அரசியல் என்று வந்தால் நமக்கு விருப்பு வெறுப்பு குறுக்கே நிற்கும். தமிழராக நமக்கு அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனாலும் சந்தையைப் படிக்கும் நேரத்தில் அதைச் சற்று ஒதுக்கி வைக்கத்தான் வேண்டும்.

2018 ஒக்டோபர் 26 இரவு ஜனாதிபதி சிறிசேன பிரதமரை நீக்கினார். ஒரு மாதம் முடிவதற்குள் மூடிஸ் தரப்படுத்தல் நிறுவனம் நம் கடன் தரத்தைக் குறைத்தது. டிசம்பரில் மற்ற இரு தரப்படுத்தல் நிறுவனங்களான பிட்ச், எஸ் அன்ட் பி இரண்டும் பின்தொடர்ந்தன. ஒரு தொழிற்சாலை கூட மூடப்படாமல், ஓர் அறுவடை கூடத் தவறாமல், அரசியல் மட்டும் செய்த சேதம் அது.

2019 டிசம்பர் 1 முதல் பெறுமதி சேர் வரி 15 வீதத்தில் இருந்து 8 ஆக வெட்டப்பட்டது. கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் அன்று சந்தோஷம்தான். அரச வருமானம் சரிந்ததும் வெளியில் கடன் தருபவர்கள் கதவைச் சாத்தினார்கள். 2019 முடிவில் 760 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு ஒதுக்கு, 2022 ஏப்ரலில் கடன் கட்ட முடியாத நிலைக்குக் கரைந்தது. இடையில் கொரோனா வந்தது, சுற்றுலா நின்றது, எல்லாம் உண்மை. ஆனால் வெளியில் இருந்து கடன் வாங்கும் வழி ஏற்கெனவே அடைபட்டிருந்ததால்தான் அந்த அடியைத் தாங்க முடியாமல் போனது.

அதன் பிறகு நடந்தவற்றைத் திகதியோடு தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2022 மார்ச் 7 அன்று ரூபாயை மிதக்க விட்டார்கள், அதாவது அதன் டொலர் விலையைச் சந்தையே தீர்மானிக்க விட்டார்கள். ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி ஒரே தடவையில் வட்டியை 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. 2023 மார்ச் 20 அன்று சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது.

2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க வென்றதும் நம் டொலர் பிணைமுறிகளின், அதாவது நம் அரசாங்கம் டொலரில் விற்ற கடன்பத்திரங்களின், விலை இறங்கியது. இடதுசாரி, நாணய நிதிய ஒப்பந்தத்தைக் கிழித்துவிடுவார் என்ற பயம். அவர் கிழிக்கவில்லை. நவம்பர் 14 பொதுத் தேர்தலில் 225இல் 159 ஆசனம் கிடைத்தது, டிசம்பரில் பிணைமுறி மறுசீரமைப்பு முடிந்தது. செப்டெம்பரில் 12,000க்குக் கீழே இருந்த அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஆண்டு முடிவில் 16,000ஐ நெருங்கியது. சந்தை எதிர்பார்த்த கெட்டது நடக்காமல் போவதே பெரிய ஏற்றத்துக்குப் போதும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கொழும்பில் இல்லை.

படி 7: எல்லாவற்றையும் ரூபாயில் மாற்றிக் கணக்குப் போடுங்கள்

செட்டியார் தெருவில் தங்க விலையைக் கேட்டு, ‘உலகத்தில் தங்கம் ஏறிவிட்டது’ என்று சொல்வோம். பல நேரம் அது தவறு. கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்.

உலகச் சந்தையில் தங்கம் அவுன்சுக்கு விலை சொல்லப்படும். ஓர் அவுன்ஸ் 31.1 கிராம், ஒரு பவுன் 8 கிராம். அவுன்ஸ் 1,900 டொலர் என்று வைத்தால் கிராம் 61 டொலருக்குச் சற்று மேல், பவுன் ஏறத்தாழ 489 டொலர். டொலர் 203 ரூபாயாக இருந்தால் 24 கரட் பவுன் 99,000 ரூபாய் அளவில் வரும். டொலர் 360 ஆனால் அதே பவுன் 176,000. தங்கத்தின் உலக விலையை நாம் ஒரு சதம்கூட மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். 2022 மார்ச்சுக்கும் மே நடுப்பகுதிக்கும் இடையில் உலகத் தங்க விலை உண்மையில் இறங்கித்தான் இருந்தது. நகைக்கடையில் ஏறியது தங்கம் இல்லை, இறங்கியது ரூபாய்.

2025இல் கதை நேர்மாறு. ரூபாய் டொலருக்கு 300ஐ ஒட்டியே நின்றது. தங்கம் மார்ச்சில் 3,000 டொலரையும் ஒக்டோபரில் 4,000 டொலரையும் தாண்டியது. அந்த ஏற்றம் முழுக்க வெளியில் இருந்து வந்தது: தீர்வைச் சண்டை, அமெரிக்க வட்டிக் குறைப்பு, மத்திய வங்கிகளின் தங்கக் கொள்வனவு. இந்த இரண்டு வகை ஏற்றத்தையும் பிரித்துப் பார்ப்பது அவசியம். ரூபாயால் வந்த ஏற்றம் ரூபாய் மீண்டால் இறங்கும். உலக விலையால் வந்த ஏற்றத்துக்கு நம் மத்திய வங்கி எதுவும் செய்ய முடியாது. வரியும் செய்கூலியும் இந்தக் கணக்குக்குப் புறம்பு. 22 கரட் என்றால் 24ஆல் வகுத்து 22ஆல் பெருக்குங்கள்.

பருப்பு, சீனி, கோதுமை மா எதற்கும் இதே முறைதான்.

படி 8: ஒரு நாட்காட்டி வைத்திருங்கள்

நேரங்களைத் தெரிந்து வைத்தால் நள்ளிரவில் வரும் செய்திக்குப் பதற வேண்டியதில்லை. அமெரிக்கப் பணவீக்கமும் வேலைவாய்ப்புத் தரவும் நம் நேரப்படி அவர்களின் கோடையில் மாலை 6 மணிக்கும் குளிர்காலத்தில் 7 மணிக்கும் வரும். வேலைவாய்ப்புத் தரவு பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளி. பெடரல் ரிசர்வ் ஆண்டுக்கு எட்டுத் தடவை கூடும். முடிவு நமக்குக் கோடையில் இரவு 11.30க்கு, குளிர்காலத்தில் நள்ளிரவு தாண்டி 12.30க்கு. கொழும்பு பங்குச் சந்தை காலை 9.30க்குத் திறந்து பிற்பகல் 2.30க்கு மூடும். அது திறக்கும் நேரத்தில் டோக்கியோவில் பாதிக்கு மேல் வர்த்தகம் முடிந்திருக்கும், ஆகவே காலை எழுந்ததும் டோக்கியோவையும் எண்ணெய் விலையையும் பார்த்துவிட்டால் கொழும்பின் மனநிலை ஓரளவு தெரிந்துவிடும். நம் மத்திய வங்கியின் நாணயக்கொள்கைத் திகதிகள் ஆண்டுத் தொடக்கத்திலேயே வெளியாகின்றன. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் மாத முடிவில் வரும்.

இவற்றோடு ஒரு கொப்பி வையுங்கள். நிகழ்வு, எதிர்பார்த்தது, வந்தது, முதல் நாள் அசைவு, ஒரு வாரம் கழித்து எங்கே நின்றது என ஐந்து நிரல்கள் போதும்.

படி 9: உங்கள் கைக்கு இது என்ன சொல்கிறது

நிலையான வைப்பு வைத்திருப்பவர் திறைசேரி உண்டியல் ஏலத்தைப் பார்க்கட்டும். வீதம் தொடர்ந்து இறங்கினால் நீண்ட காலத்துக்குப் பூட்டி வைப்பது நல்லது, ஏறினால் மூன்று மாதத்துக்கு மேல் கட்டிப்போட வேண்டாம்.

இறக்குமதி செய்பவருக்கு எண்ணெயும் ரூபாயும் ஒரே திசையில் கெடும் நாட்கள்தான் ஆபத்து. கடன்கடிதம் திறந்த நாளுக்கும் பணம் கட்டும் நாளுக்கும் இடையில் ரூபாய் 5 வீதம் நகர்ந்தால் இலாபம் மிஞ்சுமா என்று முன்கூட்டியே கணக்குப் பாருங்கள். மிஞ்சாது என்றால் முன்கூட்டியே வீதத்தை நிர்ணயித்துக்கொள்ளும் வசதியைப் பற்றி வங்கியில் கேளுங்கள்.

வெளிநாட்டில் இருந்து பணம் பெறும் குடும்பங்கள், டொலர் இன்னும் ஏறட்டும் என்று மாதக்கணக்காகக் காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டுச் செலவுக்கு வேண்டியதை வரும்போதே மாற்றி, மிச்சத்தை வெளிநாட்டு நாணயக் கணக்கில் விடுங்கள். கல்யாண நகைக்கும் அப்படித்தான், ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்காமல் பல மாதமாகப் பிரித்து வாங்குங்கள். நாளை விலை என்ன என்று யாருக்கும் தெரியாதபோது சராசரி விலை கிடைப்பதே நல்லது.

‘பெடரல் ரிசர்வ் முடிவுக்கு முன் இதில் பணம் போடுங்கள், வாரத்தில் இரட்டிப்பு’ என்று வட்ஸ்அப்பில் அழைக்கும் குழுக்களில் இருந்து உடனே வெளியேறுங்கள். அதிலும் நாணய வர்த்தகச் செயலிகளில் சில நூறு மடங்கு வரை கடன் கொடுத்து விளையாட விடுவார்கள். 100 மடங்கு கடனில் ஒரு வீத அசைவு உங்கள் முதலை முழுதாக அழித்துவிடும். மேலே சொன்ன நாட்களில் ஒரு வீத அசைவு சில நிமிடத்தில் வந்துவிடும். நீங்கள் சொன்ன திசை சரியாக இருந்தாலும், சந்தை அங்கே போய்ச் சேருமுன் உங்கள் கணக்கு காலியாகியிருக்கும். உரிமம் பெற்ற தரகர் யார் என்பதைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் பட்டியலில் பார்த்துவிட்டுத்தான் எவருக்கும் பணம் கொடுங்கள்.